சம்பந்தி வீட்டு ஹாட் டாக்

பெயரைப் பார்த்தவுடன் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! "ஹாட் டாக் என்றால் சுடச்சுட நாய் என்றல்லவா அர்த்தமாகிறது? இந்த அம்மாளுக்கு எழுத வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது.

நாய்க்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஜனங்கள் தங்களோடு கொண்டுபோன பண்டம் அது. ஸாஸேஜ் என்று பெயர். கொத்திய இறைச்சியை விரல் பருமனுக்குக் குழலாக அடைத்துப் பக்குவம் செய்வது. அந்த ஊரில் நீள உடம்பும் குட்டைக் காலுமாக ஒரு ஜாதி நாய் உண்டு. அதன் சாயல் இதற்கு இருப்பதைக் கண்டு யாரோ கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. நீளவாக்கில் பிளந்த ரொட்டியில் இதை வைத்து, மேலே கடுகு விழுதைத் தடவி, கையில் பிடித்தபடியே சாப்பிட வேண்டும்.

1916-ல் நியூயார்க்கின் கோனி தீவுக் கடற்கரையில் நேதன் ஹாண்ட்வெர்க்கர் என்பவர் ஒன்று ஐந்து சென்ட் என்று விற்று இதைப் பிரபலப்படுத்தினார். 1939 ஜூன் 11-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தம் ஹைட் பார்க் வீட்டு விருந்தில், இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கும் மகாராணிக்கும் இதையே பரிமாறினார். மறுநாள் பத்திரிகைகளில் இதுதான் பேச்சு. மகாராணிக்குப் பாவம், அதை எப்படிப் பிடித்துச் சாப்பிடுவது என்றே தெரியவில்லையாம்!

"எல்லாம் சரி, இறைச்சியாயிற்றே?" என்கிறீர்களா? நானும் உங்கள் கட்சிதான். முட்டை கூடத் தொடாதவள். நான் சொல்ல வந்தது அந்தக் குழலைப் பற்றி அல்ல. அதன் தலைமேல் ஏறி உட்காருகிற தொக்கைப் பற்றி. அதிலும் ஹவாய்த் தீவில், என் சம்பந்தி வீட்டுக் கொல்லையில் செய்த அன்னாசித் தொக்கைப் பற்றி.

*

என் பெண் ஹொனலூலுவில் இருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். 2022 மே மாதம் நான் அவர்களிடம் போய் நாலு மாதம் தங்கியிருந்தேன். சென்னையில் காலை ஆறு மணி என்றால் அங்கே முதல் நாள் பிற்பகல் இரண்டரை. "நேற்றைக்குத் திரும்பிப் போகிற ஊருக்கு வந்திருக்கிறாய் அம்மா" என்று என் பெண் வேடிக்கையாகச் சொல்வாள்.

அமெரிக்காவின் ஐம்பதாவது மாகாணமாக 1959-ல் சேர்ந்தது ஹவாய். பெயருக்குத்தான் அமெரிக்கா, இறங்கிப் பார்த்தால் நம் நாகர்கோவில் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும். தென்னை, வாழை, பலா, பப்பாளி, செம்பருத்தி எல்லாம் உண்டு. வயதில் பெரியவர்கள் யாரானாலும் குழந்தைகள் "ஆன்ட்டி", "அங்கிள்" என்றுதான் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. வீட்டுக்குள் நுழைகிறவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இந்த இரண்டையும் பார்த்த பிறகு எனக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிட்டது.

அந்த ஊர் ஹாட் டாக்கும் அந்த ஊரைப் போலவேதான். அதில் இருப்பதெல்லாம் எங்கிருந்தோ வந்து குடியேறியவை. ஸாஸேஜ் ஜெர்மனிச் சரக்கு என்று சொன்னேன் அல்லவா? ரொட்டி போர்ச்சுகீசியருடையது. 1878-ல் கரும்புத் தோட்ட வேலைக்காக மதேரா தீவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த இனிப்பு ரொட்டி. பஞ்சு மாதிரி இருக்கும். சுடுகிற அடுப்பு ஹிபாச்சி. அது ஜப்பானியருடையது. அதில் போடும் கரி கியாவே மரத்தினுடையது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மரத்தை, 1828-ல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஹொனலூலுவில் நட்டார். இன்றைக்குத் தீவெங்கும் காடாய்ப் பரவிக் கிடக்கிறது. அந்த மரத்தைப் பார்த்ததும் "உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!" என்று எனக்குத் தோன்றிற்று. விசாரித்தால், நம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்துக்கு அது ஒன்றுவிட்ட தங்கை!

மாம்பழக் கதை இன்னும் வேடிக்கை. அங்கே தெருவுக்குத் தெரு 'ஹேடன்' என்று ஒரு மாமரம். கன்னம் சிவந்த பழம். 1889-ல் இந்தியாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் போன 'முல்கோபா' என்ற மாங்கன்றின் வம்சம் அது. 1902-ல் ஹேடன் என்கிற ராணுவக் காப்டன் ஊன்றிய அதன் விதையிலிருந்து வந்தது. முல்கோபா என்பது யார் பெயர் என்று கண்டுகொண்டீர்களா? நம் மல்கோவாவேதான், வெள்ளைக்காரர் நாக்கில் புரண்டு அப்படியாயிற்று! பக்கத்து வீட்டுக்காரர் பை நிறையப் பழத்தை நம் வாசலில் வைத்துவிட்டுச் சொல்லாமலே போய்விடுவார். ஜூன் மாதத்தில் அங்கே யாரும் மாம்பழம் விலைக்கு வாங்குவதில்லை.

இந்தப் பழங்களைத்தான் தொக்காகவும் பச்சடியாகவும் செய்து ஹாட் டாக்கின் மேல் போடுகிறார்கள். கவாய் என்கிற தீவில் ரொட்டியைப் பிளக்காமலே செய்கிற ஒரு வகையும் உண்டு. சூடான கம்பியில் ரொட்டியைச் செருகி உட்புறம் மொறுமொறுவென்று ஆகும்படி துளை செய்து, அதில் முதலில் பழத் தொக்கு, பிறகு ஸாஸேஜ் என்று இறக்கிவிடுகிறார்கள். நம் புட்டுக் குழல் ஞாபகம் வந்தது எனக்கு.

*

இனி என் சம்பந்தியம்மாளைப் பற்றிச் சொல்கிறேன்.

தகப்பனார் வழியில் ஜப்பானியர், தாயார் வழியில் போர்ச்சுகீசியர். எழுபது வயது. ஐந்தடி கூட இல்லாத உருவம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். 2021 செப்டம்பரில் கணவர் காலமாகிவிட்டார். நான் போனபோது ஒன்பது மாதம் ஆகப் போகிறது. வீட்டு வேலை, கோவில் வேலை எல்லாம் செய்வார். கொல்லைப்புறக் கதவை மட்டும் திறக்க மாட்டார். துணி உலர்த்த வேண்டுமானாலும் என் பெண்தான் போக வேண்டும்.

காரணத்தை என் பெண் ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னாள். ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினம். நாற்பது வருஷமாக அன்றைக்கு அந்தக் கொல்லையில்தான் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் கூடுவார்கள். சம்பந்தி காலையிலேயே ஹிபாச்சியை மூட்டிவிடுவார். மாலை வரைக்கும் இடுக்கியை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். அன்னாசித் தொக்கும் அவர் கையால்தான். சிறு பையனாக இருந்தபோது, பள்ளி விடுமுறையில் அன்னாசி டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம் அவர். அந்த நாளில் ஹொனலூலுப் பிள்ளைகளுக்கு அதுதான் கோடை விடுமுறைச் சம்பாத்தியம். 1991-ல் அந்தத் தொழிற்சாலையும் மூடிவிட்டார்கள். பழத்தைத் தொட்டுப் பார்த்தே பக்குவம் சொல்வாராம்.

"இந்த வருஷம் என்ன செய்யப் போகிறார்கள்?" என்றேன்.

"ஹோட்டலில் மேஜை சொல்லிவிடலாம் என்கிறார் இவர். அந்த அடுப்பைத் தொடவே இவருக்கு மனசில்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த ஒரு வருஷம் விட்டுப்போனால் அப்புறம் அந்த வீட்டில் யாரும் கூட மாட்டார்கள் அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது."

என் கணவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அவர் போன வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. அடுத்த வருஷமும் 'யாருக்காகச் செய்ய' என்று விட்டுவிட்டோம். விட்டுப்போன பண்டிகை தானாகத் திரும்பி வருவதில்லை, சகோதரிகளே. ஆகவே என் பெண் சொன்ன பயம் எனக்குப் புரிந்தது.

மறுநாள் சம்பந்தியம்மாளிடம் நேராகவே கேட்டேன். "எனக்கு ஹாட் டாக் ஆகாது. உங்கள் வீட்டு அன்னாசித் தொக்காவது எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுங்களேன்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியாது. அவர் என்னை அடுப்பண்டை விட்டதே இல்லை. எங்கும் எழுதியும் வைக்கவில்லை. நான் சாப்பிட்டவள்தான்" என்றார்.

"அது போதும். எனக்குத் தொக்குக் கிளறத் தெரியும். உங்களுக்கு ருசி தெரியும். இரண்டு பேருமாகச் சேர்ந்தால் ஒரு சமையற்காரர் ஆகமாட்டோமா?" என்றேன். அவர் சிரித்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

*

முதல் நாள் அன்னாசியைப் பொடியாக நறுக்கி, சர்க்கரையும் வினிகரும் விட்டுக் கிளறினேன். ஒரு கரண்டி வாயில் போட்டார். "ஜாம்" என்றார். அவ்வளவுதான் விமரிசனம்.

இரண்டாம் நாள் வெங்காயம் வதக்கிப் போட்டு இஞ்சி சேர்த்தேன். "கிட்டே வருகிறது. காரம் வேறே மாதிரி" என்றார்.

மூன்றாம் நாள் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஊரில் நம் ஊசி மிளகாய் போல ஒரு மிளகாய். அதை உப்பு, பூண்டு, வினிகரோடு சேர்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புட்டியில் வைத்திருப்பார்கள். மிளகாய்த் தண்ணீர் என்றே பெயர். "அந்தப் புட்டியைக் கவிழ்ப்பார், பார்த்திருக்கிறேன்!" என்றார். புதிதாக ஊறப் போட்டோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கிளறினோம். ருசி பார்த்துவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாக்குக்கு வருகிறது. மூக்குக்கு வரவில்லை."

இதற்கு என்ன செய்வது? கிராம்பு போட்டுப் பார்த்தேன். பட்டை போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் தலையை ஆட்டிவிட்டார். ஜூன் இருபத்தெட்டாம் தேதியும் வந்துவிட்டது.

அன்று மத்தியானம் துணி உலர்த்தப் போனேன். கொல்லைக் கொட்டகையில் அந்த ஹிபாச்சி இருந்தது. கனத்த இரும்பினால் ஆன சின்னப் பெட்டி. நம் வீட்டுக் குமுட்டி அடுப்புக்குச் சதுர உருவம் கொடுத்த மாதிரி. அதன் பின்னால் சுவரில் கம்பி வலை ஒன்று தனியாகத் தொங்கிற்று. எடுத்துப் பார்த்தேன். கம்பிகளில் கறுப்பாய், பளபளப்பாய், கல்லைப் போல ஏதோ ஒட்டியிருந்தது. இறைச்சி சுட்ட வலையானால் எண்ணெய்ப் பிசுக்கல்லவா இருக்கும்? இது அப்படி இல்லை. நகத்தால் சுரண்டினேன். அதிரசப் பாகு முற்றி அடிப்பிடித்தால் பாத்திரத்தில் எப்படி இருக்கும்? அதேதான். ஐம்பது வருஷம் பாகு காய்ச்சின கைக்கு அடையாளம் தெரியாதா?

அதைக் கொண்டுபோய்ச் சம்பந்தியம்மாள் முன்னால் வைத்தேன். "பழத்தை இதில் வாட்டியிருக்கிறார். பிறகுதான் நறுக்கியிருக்கிறார்" என்றேன்.

அவர் அந்த வலையை மடியில் வைத்துக்கொண்டார். "ஜூலை மூன்றாம் தேதி ராத்திரி தனியாகக் கொல்லையில் உட்கார்ந்திருப்பார். நெருப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன், நீ தூங்கு என்பார். நானும் தூங்கிவிடுவேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "நாற்பது வருஷம்" என்றார்.

பழத்தை வாட்ட நெருப்பு வேண்டும். நெருப்புக்குக் கொல்லைக் கதவைத் திறக்க வேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே எழுந்து போய்த் திறந்தார்.

"எனக்கு மூட்டத் தெரியாது" என்றார். "எனக்குத் தெரியும். எங்கள் அம்மா குமுட்டியை என்னைத்தான் மூட்டச் சொல்வாள்" என்று அட்டை ஒன்றைக் கிழித்து விசிறினேன். இரண்டு கிழவிகளும் கண்ணில் தண்ணீர் வழிய அந்தப் புகையில் உட்கார்ந்திருந்தோம். அதில் புகையினால் வந்தது எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

*

ஜூலை நாலாம் தேதி இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை சொல்லி வைத்திருந்த ஹோட்டல் மேஜையை வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. சம்பந்தியம்மாள் இடுக்கியை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். தொக்கை ஒரு விரலால் எடுத்து வாயில் வைத்தவர், ஒன்றும் பேசாமல் வீட்டுப் பக்கவாட்டிலிருந்த குழாய்க்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு மாலை ஆறு மணி வரைக்கும் இடுக்கியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை!

எனக்காகச் சோயாக் குழல் வாங்கி, தனி வலையில், தனி அடுப்பில் வாட்டித் தந்தார்கள். சம்பந்தியம்மாளே பக்கத்தில் நின்று, மற்ற இடுக்கி இந்த அடுப்பண்டை வராமல் காவல் காத்தார்.

*

நம் வீட்டு மொட்டைமாடியிலும் இதைச் செய்யலாம். முறையைச் சொல்லிவிடுகிறேன்.

*அன்னாசித் தொக்கு:* நடுத்தர அளவுப் பழம் ஒன்று. தோலும் நடுத்தண்டும் நீக்கி, அரை அங்குல கனத்துக்கு வட்டமாக அரிந்து, கரி நெருப்பில் இருபுறமும் மும்மூன்று நிமிஷம், பழுப்புக் கோடு விழும்வரை வாட்டுங்கள். கரி இல்லாதவர்கள் தோசைக்கல்லில் வாட்டலாம். ருசி முக்கால் பங்கு வரும். ஆறியபின் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் பெரிய வெங்காயம் ஒன்று, ஓரங்குல இஞ்சி, நாலைந்து ஊசி மிளகாய், இரண்டு பல் பூண்டு ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி வதக்கி, பழத்தைச் சேருங்கள். மூன்று மேஜைக் கரண்டி வினிகர், இரண்டு மேஜைக் கரண்டி சர்க்கரை, உப்பு. சிறு தீயில் கால் மணி நேரம் கிளறினால் சுருண்டு வரும். குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும்.

*மாங்காய்ப் பச்சடி:* இதற்கு அடுப்பே வேண்டாம். பழுக்கத் தொடங்கிய மாங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்துமல்லி எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுப் பிசிறினால் ஆயிற்று. மேலே சிவக்க வறுத்த தேங்காய்த் துருவல் தூவினால் இன்னும் விசேஷம்.

*கடுகு விழுது:* நீலகிரிப் பக்கம் தாட்பூட் பழம் என்கிறார்களே, அதை அங்கே லிலிகோய் என்கிறார்கள். சாற்றை வடிகட்டி, கொஞ்சம் சர்க்கரையோடு பாதியாகச் சுண்டவைத்து, கடையில் விற்கும் கடுகு விழுதில் கலந்துவிட வேண்டும்.

*சுடுகிற பக்குவம்:* கரியைப் பற்றவைத்தவுடன் சுடக் கூடாது. அரைமணிக்குள் கரி மேல் வெண்சாம்பல் பூத்துவிடும், அதுதான் சமயம். கரியை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டால், தீ நாக்கு நீட்டும்போது குழலை மறுபக்கத்துக்குத் தள்ளிவிடலாம். குழலில் கத்தியால் லேசாகக் குறுக்குக் கீறல் போட்டால் வெடிக்காது. கீறலில் தொக்கும் தங்கும். சோயாக் குழல் சீக்கிரம் வறண்டுவிடும். எண்ணெய் தடவிச் சுடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், உருளைக்கிழங்கும் வேகவைத்த காராமணியும் மசித்து நீளக் கட்லெட்டாகப் பிடித்துத் தோசைக்கல்லில் சிவக்க எடுங்கள். ரொட்டியின் உட்பக்கத்தில் வெண்ணெய் தடவி, நெருப்பில் அரை நிமிஷம் கவிழ்த்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. கரி அடுப்பைக் கதவடைத்த அறைக்குள் மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் குழலை வட்டமாக நறுக்கிக் கொடுக்காதீர்கள். தொண்டையில் மூடி போட்டாற்போல அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நாலாய்ப் பிளந்து, பிறகு துண்டாக்கிக் கொடுங்கள்.

இப்போதும் ஒவ்வொரு ஜூலையிலும் சம்பந்தியம்மாள் தொலைபேசியில் கூப்பிடுவார். அடுப்பு மூட்டியாயிற்று, இன்ன இன்னார் வந்திருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லுவார். தொக்கு எப்படி என்று கேட்டால் மட்டும், "கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அவர் இன்னும் கொஞ்சம் உப்புப் போடுவார்" என்பார். அதற்குமேல் ஒரு கல் உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாது என்பது என் கட்சி. ஆகையால் உப்பை மட்டும் உங்கள் இஷ்டப்படி பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வழக்கு எங்கள் இருவருக்குள் இன்னும் தீரவில்லை.